பொருள்: தரவை வைத்துக் கதை சொல்வதற்கு ஒரு சொல் வேண்டும் (கையேடு வியாழன் அச்சுக்கு)

காரைக்குடி ஆசிரியை:

குழுமத்தாருக்கு வணக்கம். ஆய்வு மாணவர்களின் பயிலரங்குக்குக் கையேடு எழுதுகிறேன். 'டேட்டா ஸ்டோரிடெல்லிங்' என்பதற்குச் சொல் கிடைக்காமல் நிற்கிறது. 'தரவுக் காட்சிப்படுத்தல்' புழக்கத்தில் இருக்கிறது, ஆனால் அது படம் வரைவதோடு நின்றுவிடுகிறது.

எங்கள் மாணவி ஒருத்தி ஊருணி நீர்மட்டத்தை வாரா வாரம் அளந்து, மீட்டர் கணக்கில் பட்டியல் போட்டு ஊர்க்கூட்டத்தில் ஒட்டினாள். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த கூட்டத்துக்கு அதே எண்களைப் படித்துறையாக வரைந்தாள். எந்த மாதம் எத்தனை படி வெளியே தெரிந்தது, எதுவரை நீலம் என்று. குடத்தை இடுப்பில் வைத்திருந்த ஆச்சி ஒருவர் ஒரு படியில் விரலை வைத்து, "இதுலதான் சித்திரையில வழுக்கி விழுந்தேன்" என்றார். வரத்துக்கால் தூர்வாரும் பேச்சு அதற்குப் பிறகுதான் எழுந்தது. இந்த வேலைக்கு என்ன பெயர்?

தேவகோட்டை:

ஆச்சி, சொல் உங்கள் கையிலேயே இருக்கிறது. கலிப்பா என்ற பாவகையின் முதல் உறுப்புக்கே தரவு என்றுதான் பெயர். அது பொருளை முன்னே தந்து நிறுத்தும். தாழிசை ஒரே கருத்தை அடுக்கி ஆழப்படுத்தும். உங்கள் மாணவி மாதம் மாதமாக அடுக்கியது தாழிசைதான். 'எனவாங்கு' என்று தனிச்சொல் வந்து திருப்பும். சுரிதகம் முடிக்கும். சுரிதல் என்றால் சுழிதல். சங்குக்குச் சுரிமுகம் என்று பெயர். பரந்து கிடந்த நீர் ஒரு சுழிக்குள் இறங்குவதுபோல எண்ணெல்லாம் ஒரு பொருளில் வந்து அடங்குகிறது. ஆகவே 'தரவுச் சுரிதகம்'.

சிங்கப்பூர்:

ஐயா, விளக்கத்தை இரண்டு முறை படித்தேன், அழகாக இருக்கிறது. ஆனால் என் அலுவலகத் தமிழர்களிடம் சுரிதகம் என்றால் ஒருவருக்கும் விளங்காது. 'தரவுக்கதை' போதும். ஜான் ஸ்நோ என்ற மருத்துவர் லண்டன் பிராட் தெருவில் காலராவில் இறந்தவர்களை வீட்டுக்கு வீடு சிறு கோடுகளாக அடுக்கினாரே, அது கதைதானே? அந்தப் படம்தான் நோயைப் பரப்பிய தெருக்குழாயின் கைப்பிடியைக் கழற்ற வைத்தது.

கானாடுகாத்தான்:

அண்ணே, ஒரு திருத்தம். கைப்பிடியைக் கழற்றியது 1854 செப்டம்பரில். வரைபடம் அவருடைய நூலில் வந்தது 1855இல். கழற்றச் சொன்னபோது அவர் கையில் இருந்தது இறந்தோர் பட்டியலும் வீடு வீடாக விசாரித்த செய்தியும்தான். இன்னொன்று: பக்கத்திலேயே இருந்த பீர் ஆலையில் வேலைசெய்தவர்கள் சாகவில்லை, அவர்கள் அந்தக் குழாய்த் தண்ணீரைக் குடிக்கவில்லை. ஆக, கோடு இல்லாத இடமும் பேசுகிறது. இதையெல்லாம் 'கதை' என்ற சொல் தாங்குமா?

கண்டனூர்:

> 'தரவுக்கதை' போதும்

போதாது. 'கதை விடுறான்' என்று பேசும் ஊரில் ஆய்வாளர் கதை சொன்னார் என்றால் யார் நம்புவார்கள்? கதை வடசொல்லும்கூட. எங்கள் ஐயா பர்மாவில், மோல்மேனில் கடை வைத்திருந்தவர். வருஷக் கணக்கு ஊருக்கு வந்தால் பேரேட்டைப் புரட்டமாட்டார், ஐந்தொகையைத்தான் (வரவு, செலவு, இருப்பு, கடன் எல்லாம் சுருக்கிய இருப்புநிலைக் குறிப்பு) விரிப்பார். கடையின் நிலைமை முழுவதும் அந்த ஒரு தாளில் தெரிந்துவிடும். 'தரவு ஐந்தொகை' என்று வையுங்கள். நம் மண்ணின் சொல்.

காரைக்குடி ஆசிரியை:

ஐந்தொகை எனக்கும் பிடித்த சொல். ஆனால் கணக்கு நேரானதா என்பதைத்தான் அது காட்டும், யார் எந்தப் படியில் விழுந்தார் என்பதைக் காட்டாது. தவிர, வணிகவியல் மாணவர்கள் குழம்புவார்கள்.

தேவகோட்டை:

அப்படியானால் மெய்ப்பாடு. உய்த்துணர வேண்டாமல் பொருள் நேரே வந்து தோன்றுவதைச் செய்யுளியலில் தொல்காப்பியர் அப்படித்தான் சொல்கிறார். அந்த ஆச்சி விரல் வைத்தது அதனால்தான்.

சிங்கப்பூர்:

மெய்ப்பாடு என்றால் இன்று எல்லாருக்கும் நகை, அழுகை முதலான எட்டு உணர்ச்சிகளும்தானே ஐயா நினைவுக்கு வரும்? நாளை வியாழன் வேறு.

கானாடுகாத்தான்:

கண்டனூரார் அச்சத்துக்கு இலக்கணத்திலேயே விடை இருக்கிறது. 'தரவு கதை' என்று ஒற்று இல்லாமல் எழுதினால் உம்மைத்தொகை: தரவும் கதையும், இரண்டும் வேறுவேறு. 'தரவுக்கதை' என்றால் தரவால் ஆன கதை, உருபும் பயனும் உடன்தொக்க தொகை. தரவு இல்லாமல் அந்தக் கதை நிற்காது. நான் தரவுக்கதைக்குக் கை தூக்குகிறேன்.

காரைக்குடி ஆசிரியை:

இதுவரை மூன்று பேர், என்னையும் சேர்த்து. தலைப்பில் 'தரவுக்கதை' என்று போட்டு அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன். ஒற்று விளக்கம் இரண்டாம் பக்கத்தில்.

கண்டனூர்:

என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

தேவகோட்டை:

மெய்ப்புத் திருத்தும்போது அந்த 'க்' விழுந்துவிடாமல் பாருங்கள் ஆச்சி. சுரிதகத்தை நான் இன்னும் விடவில்லை. இரண்டாம் பதிப்பின்போது மறுபடி எழுதுவேன்.