ஆம்காஸ் விண்ணப்பம்: செயல்பாடுகள் பட்டியலில் எதைப் போடுவது, எதை விடுவது?

ஒஹாயோவாசி:
மகள் இந்த முறை அமெரிக்காவில் எம்.டி. படிப்புக்கு (அங்கே டாக்டராவதற்கான அடிப்படைப் படிப்பு) ஆம்காஸ் (AMCAS, மருத்துவக் கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பச் சேவை) வழியாக விண்ணப்பிக்கிறாள். செயல்பாடுகள் பட்டியலில் இருப்பது 15 இடம், அவள் எழுதி வைத்திருப்பதோ 19. மருத்துவமனையில் தன்னார்வப் பணி, ஸ்க்ரைப் வேலை (டாக்டர் கூட இருந்து நோயாளிக் குறிப்புகளைப் பதிவு செய்வது), ஆய்வகம், மூன்று டாக்டர்களிடம் ஷேடோயிங் (வேலையைக் கூட நின்று பார்ப்பது), ஞாயிறு தமிழ்ப் பள்ளியில் உதவி ஆசிரியை, பரதநாட்டியம் (அரங்கேற்றம் பத்தாம் வகுப்பில்), டீன்ஸ் லிஸ்ட் (நல்ல மதிப்பெண்ணுக்குக் கல்லூரி தரும் பாராட்டு), ஸ்காலர்ஷிப், சில கிளப்புகள், கோவையில் பெரியப்பா மருத்துவமனையில் இரண்டு வாரம். எதை வெட்டுவது? பரதம் பள்ளிக் காலத்தது, விட்டுவிடலாமா?

வெள்ளைக்கோட்டு:
வெட்டுவதற்கு முன்னால் சேருங்கள். மூன்று டாக்டர்களுக்கு மூன்று இடம் வேண்டாம். ஷேடோயிங் என்று ஒரே பதிவு, உள்ளே துறைவாரியாக மணிக்கணக்கு. டீன்ஸ் லிஸ்ட், ஸ்காலர்ஷிப் எல்லாம் விருதுகள் என்ற ஒரே பதிவில் அடங்கிவிடும். இதிலேயே மூன்று இடம் மிச்சம். மீதியில், கூட்டத்துக்குப் போய் உட்கார்ந்து வந்ததோடு சரி என்கிற கிளப்பை எடுத்துவிடுங்கள். நேர்காணலில் எதைப் பற்றி வேண்டுமானாலும் கேட்பார்கள். ஐந்து நிமிடம் பேச முடியாத எதுவும் பட்டியலில் இருக்கக் கூடாது. 15 என்பது உச்சவரம்புதான். 11 பதிவோடு அனுப்பினாலும் குறையில்லை.

பரதம்: கல்லூரியிலும் ஆடுகிறாள் என்றால் கட்டாயம் போடுங்கள். மணிக்கணக்கைக் கல்லூரிக் காலத்துக்கு மட்டும் காட்டி, அரங்கேற்றத்தை விவரத்தில் ஒரு வரியாகச் சொன்னால் போதும். அரங்கேற்றத்தோடு நின்றுபோயிருந்தால் விட்டுவிடலாம்.

மூன்று பதிவுகளை 'மிக முக்கியமானவை' என்று குறிக்கலாம். எல்லாப் பதிவுக்கும் உள்ள 700 எழுத்துக்கு மேல், இவற்றுக்கு மட்டும் இன்னொரு 1325 எழுத்து கிடைக்கும். மூன்றையும் ஆய்வகம், மருத்துவமனை என்றே நிரப்பிவிடாதீர்கள். தமிழ்ப் பள்ளியில் வருடக்கணக்காகப் பாடம் எடுத்திருந்தால் அதற்கு அந்த இடம் தாராளமாகத் தகும்.

கணக்குப்பிள்ளை:
மணிக்கணக்கில்தான் நிறைய பேர் சறுக்குகிறார்கள். வாரம் 3 மணி என்றதும் 52-ஆல் பெருக்கி 156 போட்டுவிடுவார்கள். செமஸ்டர் சுமார் 15 வாரம், இரண்டு செமஸ்டருக்கு 90 மணிதான் வரும். விட்டு விட்டுச் செய்த வேலை என்றால் ஒரே பதிவில் நான்கு காலகட்டம் வரை தனித்தனியாகக் கொடுக்க வழி இருக்கிறது. முடித்த மணி வேறு, இனிச் செய்யப்போகும் மணி வேறு. இரண்டையும் கலக்கக் கூடாது. ஒவ்வொன்றுக்கும் தொடர்புக்கு ஒருவர் பெயர் கேட்பார்கள், அவரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

கோவை விஷயத்தில் கவனம். கூட நின்று பார்த்தது என்றால் ஷேடோயிங் பதிவிலேயே ஒரு வரி சேருங்கள். ஊசி போட்டேன், தையல் போட்டேன் என்று எழுதினால் பெருமையாகப் படாது. பயிற்சி இல்லாதவர் நோயாளியின் உடம்பில் கைவைத்தார் என்றுதான் தேர்வுக்குழு படிக்கும். இந்தியாவில் அனுமதித்தார்கள் என்பது அங்கே எடுபடாது.

வரிவரி:
விவரம் எழுதும் விதம் பற்றி. 'நோயாளிகளிடம் பரிவோடு பழகினேன்' என்றால் படிப்பவருக்கு எதுவும் தெரியாது. 'காத்திருப்பவர்களுக்குப் போர்வை கொடுத்தேன், வீடு திரும்புகிறவர்களைச் சக்கர நாற்காலியில் வாசல் வரை கொண்டுபோய் விட்டேன், ஆங்கிலம் தெரியாதவர் வந்தால் மொழிபெயர்ப்பாளருக்கு போன் போட்டுக் கொடுத்தேன்' என்ற பாணியில் எழுதச் சொல்லுங்கள். பரிவு தானாகத் தெரியும். அந்த 700-இல் இடைவெளியும் சேர்த்தி. வேர்டில் எழுதி அப்படியே ஒட்டினால் தடித்த எழுத்து, புள்ளிப் பட்டியல் எல்லாம் போய்விடும், நோட்பேடில் எழுதுவது நல்லது. பத்திரிகைக்கு அனுப்பி இன்னும் ஏற்கப்படாத கட்டுரையை வெளியீடு என்று போடாதீர்கள், ஆய்வகப் பதிவுக்குள் சொல்லுங்கள். சமர்ப்பித்த பிறகு இந்தப் பகுதியில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற முடியாது.

ஒஹாயோவாசி:
மிக்க நன்றி. ஸ்க்ரைப் வேலையில் டாக்டர் கூடவேதான் இருக்கிறாள். அதை ஷேடோயிங்கிலும் காட்டலாமா?

கணக்குப்பிள்ளை:
கூடாது. ஒரு பதிவுக்கு ஒரு வகைதான். ஸ்க்ரைப் என்பது சம்பளம் வாங்கும் மருத்துவ வேலை, அந்த வகையிலேயே போடுங்கள். வேலை நேரம் போக அதே டாக்டரிடம் தனியாக நின்று பார்த்திருந்தால் அந்த மணிகளை மட்டும் ஷேடோயிங்கில் சேர்க்கலாம்.