ஜாங்கோ: இருக்கும் உறுப்பினரைத் தன்னார்வலராகச் சேர்த்தால் அவருடைய பெயர் அழிந்துவிடுகிறது

கேள்வி:
வணக்கம். ஒரு நூலகத்துக்காக ஜாங்கோவில் (பைதான் மொழியில் இணையச் செயலி எழுத உதவும் கட்டமைப்பு) பதிவேடு எழுதி வருகிறேன். உறுப்பினர் மாடலில் (தரவுத்தள அட்டவணை ஒன்றை விவரிக்கும் வகுப்பு) பெயர், தொலைபேசி, முகவரி இருக்கின்றன. அதன் வழித்தோன்றலாகத் தன்னார்வலர் மாடல். அதில், அவர் பணிக்கு வரும் கிழமை மட்டும் கூடுதல். அட்டவணைகள் இரண்டு; ஒருவரை அடையாளம் காட்டும் எண் (பிரைமரி கீ) இரண்டிலும் ஒன்றே.

பழைய உறுப்பினர் ஒருவர் தன்னார்வலராகும்போது, புதிய வரி சேர்க்கும் கிரியேட் அழைப்பில், உறுப்பினர் வரியைச் சுட்டும் இணைப்புப் புலத்துக்கு அந்த உறுப்பினரையும் கிழமையையும் கொடுத்தேன். பிழை எதுவும் வரவில்லை. ஆனால் அட்மின் பக்கத்தில் 41ஆம் எண்ணுக்கு நேரே பெயரும் இல்லை, தொலைபேசியும் இல்லை. பதினோரு பேரைச் சேர்த்த பிறகுதான் கவனித்தேன். நூலகர் வீடு வீடாகப் போய் வாங்கிய விவரங்கள் அவை. மனம் பதறுகிறது. எங்கே தவறினேன்?

மறுமொழி:
மேற்கொண்டு யாரையும் சேர்க்காதீர்கள். காப்பு நகலிலிருந்து அந்தப் பதினோரு வரிகளை மட்டும் மீட்டெடுங்கள்.

தன்னார்வலர் என்று நீங்கள் உருவாக்கும் பொருளுக்குள் தாய் மாடலான உறுப்பினரின் புலங்களும் அடங்கியிருக்கின்றன. நீங்கள் இணைப்பை மட்டும் கொடுத்ததால், பெயரும் தொலைபேசியும் அதில் வெற்றுச் சரங்களாகவே கிடக்கின்றன. ஜாங்கோ முதலில் தாய் அட்டவணையைச் சேமிக்கும். அதே எண் அங்கே ஏற்கெனவே இருப்பதால் புதிய வரி சேராது; பழைய வரியின் மேல் அந்த வெறுமை எழுதப்பட்டுவிடும். பிறந்த தேதி போன்ற ஒரு கட்டாயப் புலம் இருந்திருந்தால் முதல் ஆளிலேயே பிழை காட்டி நின்றிருக்கும். எழுத்துப் புலங்கள் வெறுமையை ஏற்றுக்கொள்வதால் சத்தமில்லாமல் நடந்துவிட்டது.

கிரியேட் வேண்டாம். பொருளை உருவாக்கி, சேவ் என்பதற்குப் பதிலாக சேவ்_பேஸ் முறையை ரா=ட்ரூ என்று அழையுங்கள். அது தாய் அட்டவணையைத் தொடாமல் பிள்ளை வரியை மட்டும் எழுதும். உடனே, தரவுத்தளத்திலிருந்து மதிப்புகளை மறுபடி ஏற்றும் ரெஃப்ரெஷ்_ஃப்ரம்_டிபி அழைக்க மறக்காதீர்கள். நினைவகத்தில் உள்ள பொருளில் பெயர் இன்னும் வெற்றாகவே இருக்கும். அதையே மறுபடி சேவ் செய்தால் பழைய கதைதான்.

கேட்டவர்:
மிக்க நன்றி ஐயா, பெயர்கள் மீண்டுவிட்டன. ஆனால் தன்னார்வலரில் சேர்ந்த நாளுக்கு, தேதியைத் தானாக இடும் ஆட்டோ_நவ்_ஆட் வைத்திருக்கிறேன். இப்போது அந்தப் புலம் நல் (மதிப்பே இல்லாதது) ஆகக்கூடாது என்று பிழை வருகிறது.

மறுமொழி:
ரா என்று சொன்னால், சேமிக்கும் முன் புலங்கள் தாமாக நிரப்பிக்கொள்ளும் வேலையும் நடக்காது. தேதியை நீங்களே கொடுங்கள்.

இன்னொருவர்:
நண்பரே, சேவ்_பேஸ் வழக்கமான வழி அல்ல. அவசரத்துக்குச் சரி, நாள்தோறும் பயன்படுத்த நான் சொல்லமாட்டேன். நேற்று உறுப்பினர் மட்டும், இன்று தன்னார்வலரும், அடுத்த ஆண்டு விலகியும் விடலாம் என்கிற ஒருவருக்கு மரபுரிமை (ஒரு மாடலை இன்னொன்றின் வழித்தோன்றலாக்குவது) பொருந்தவே பொருந்தாது. தன்னார்வலரைத் தனி மாடலாக்கி, உறுப்பினரை ஒன்றுக்கு ஒன்றாகச் சுட்டும் ஒன்டுஒன்ஃபீல்டு புலத்துக்கு பிரைமரி_கீ=ட்ரூ கொடுங்கள். எண் அதே எண்தான். கிரியேட் செய்தால் தன்னார்வலர் அட்டவணையில் மட்டும் வரி சேரும், தேதியும் தானாக நிரம்பும். பல வரிகளை ஒரே முறையில் சேர்க்கும் பல்க்_கிரியேட்டும் வேலை செய்யும்; இப்போதுள்ள வழித்தோன்றல் மாடலில் அது செல்லாது. பெயர் வேண்டிய இடத்தில் உறுப்பினர் வழியாக ஒரு படி கூடுதலாகப் போகவேண்டும், அவ்வளவுதான்.

கேட்டவர்:
மாற்றிவிட்டேன். முதலில் காப்பு நகலில் 41ஆம் எண்ணைச் சேர்த்துப் பார்த்தேன்: ஒரே ஒரு இன்செர்ட் (வரி சேர்க்கும் கட்டளை), உறுப்பினர் அட்டவணையில் அசைவே இல்லை. நூலகரிடம் திரையைக் காட்டினேன். பதினோரு பெயர்களையும் வாய்விட்டுப் படித்துச் சரிபார்த்தார்.