ஸ்லைடு கிதாருக்கு ஒரு தமிழ்ச்சொல்: ரை கூடரின் தொகுப்பு ஒன்றை முன்வைத்து

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

தந்திக் கருவிகளுக்கான நமது சொற்பட்டியலில் ‘ஸ்லைடு’ (தந்தியை அழுத்தாமல், அதன் மேல் ஒரு கோலையோ குழலையோ நகர்த்தி வாசிக்கும் முறை) என்ற பதிவு இன்னும் வெற்றிடமாகவே கிடக்கிறது. ‘வழுக்குக் கிதார்’, ‘சறுக்குக் கிதார்’, ‘கோட்டுக் கிதார்’ என்று மூன்று பரிந்துரைகள் இதுவரை வந்துள்ளன. கர்நாடக இசையில் சுரத்துக்குச் சுரம் இழுத்துச் செல்வதைக் குறிக்கும் ‘ஜாரு’ இருக்கும்போது புதுச்சொல் எதற்கு என்று ஓர் அன்பர் கேட்டுள்ளார். ஒலிபெயர்ப்பே போதும் என்பாரும் உண்டு. இவற்றை அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எடைபோடுவதைவிட, இந்த வாசிப்பு முறையை மட்டுமே நம்பி அமைந்த ஓர் இசைத்தொகுப்பைக் கேட்டு, அதைப் பற்றித் தமிழில் நாலு வாக்கியம் எழுத எந்தச் சொல் கைகொடுக்கிறது என்று பார்ப்பது மேல் என்று எண்ணுகிறேன். அதற்காக நான் எடுத்துக்கொண்டது, அமெரிக்கக் கிதார் கலைஞர் ரை கூடரும் இந்துஸ்தானி இசைக்கலைஞர் விஸ்வ மோகன் பட்டும் சேர்ந்து வாசித்து 1993இல் வெளிவந்த ‘எ மீட்டிங் பை த ரிவர்’.

கூடரைப் பலரும் வேறு பணிகளின் வழியாகவே அறிவார்கள். ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் ‘சிஸ்டர் மார்ஃபின்’ பாடலில் ஒலிக்கும் ஸ்லைடு கிதார் அவருடையது. ‘பாரிஸ், டெக்சாஸ்’ படத்துக்கு 1984இல் பின்னணி இசை அமைத்தவர் அவர். கியூபாவின் முதிய கலைஞர்களை உலகறியச் செய்த ‘புவெனா விஸ்டா சோஷியல் கிளப்’ தொகுப்பை 1997இல் தயாரித்தவரும் அவரே. இவற்றுக்கு நடுவே இந்தத் தொகுப்பு, 1994இல் கிராமி விருது பெற்றிருந்தும், அவருடைய ப்ளூஸ் (அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே பிறந்த இசை), ராக் ரசிகர்களின் பேச்சில் அடிபடுவது அரிது. இந்தியாவிலோ இது பட்டின் தொகுப்பாகவே கொண்டாடப்பட்டது; கூடர் உடன் வாசித்தவர் என்ற அளவோடு நின்றுபோனார். இரண்டு தரப்பும் பாதிப் பாதியாகக் கேட்ட தொகுப்பு என்றே இதைச் சொல்வேன்.

பதிவான சூழலையும் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் நம் சொல்லுக்கும் அதற்கும் தொடர்பு உண்டு. 1992 செப்டம்பரில், கலிபோர்னியாவின் சான்டா பார்பரா நகரில், புனித அந்தோணியார் குருமடத்தின் சிற்றாலயத்தில் இது பதிவு செய்யப்பட்டது. பதிவு செய்தவர் ‘வாட்டர் லில்லி அகூஸ்டிக்ஸ்’ நிறுவனத்தை நடத்திய, இலங்கையில் பிறந்த கவிச்சந்திரன் அலெக்சாண்டர். வெற்றிடக் குழாய்களால் இயங்கும் கருவிகளைத் தனியாகச் செய்வித்து, ஒலிவாங்கி இணையொன்றைக் குறுக்காக வைத்து, கலைஞர்கள் அமர்ந்திருந்த அறையின் முழக்கத்தையும் சேர்த்தே நாடாவில் பிடித்தார். எண்ம (டிஜிட்டல்) பதிவின் முன்னோடிகளில் ஒன்றாகப் பேசப்படும் ‘பாப் டில் யூ டிராப்’ தொகுப்பை 1979இல் வெளியிட்ட அதே கூடர்தான் இங்கே வந்து அமர்ந்தார் என்பது தனிச் சுவை. பதிவுக்கு அரைமணி நேரத்துக்கு முன்னர்தான் அவரும் பட்டும் முதன்முதலாகச் சந்தித்தார்கள். தபலாவில் சுக்விந்தர் சிங் நாம்தாரி. ‘தும்பெக்’ என்னும் மேற்காசியக் கோப்பை முழவில் கூடரின் மகன், அப்போது 14 வயதுச் சிறுவன். நான்கே உருப்படிகள், மொத்தம் சுமார் 40 நிமிடம்.

ஒலிப்பதிவு இவ்வளவு வெளிப்படையாக இருப்பதால், பிற தொகுப்புகளில் மறைந்துவிடும் ஒன்று இதில் காதில் விழுகிறது: தந்தியின் முறுக்குச் சுற்றின் மேல் கண்ணாடியும் எஃகும் உராய்ந்து நகரும் மெல்லிய ஓசை. சுரம் தொடங்குவதற்கு முன் அது வருகிறது. சுரம் அடங்கிய பின்னும் சற்று நிற்கிறது. இதைக் கேட்ட பிறகு, நாம் பெயரிட வேண்டியது ‘வழுக்கி விழுவதை’ அன்று, ‘தொடர்பு விடாமல் உராய்ந்து நகர்வதை’ என்பது எனக்கு உறுதியாயிற்று.

இருவரும் செய்வது ஒன்றே, செய்யும் விதம்தான் வேறு. கூடர் கிதாரை வழக்கம்போல் உடலோடு அணைத்துப் பிடித்து, இடக்கை விரலில் ஒரு கண்ணாடிக் குழலை மோதிரம்போல் அணிந்து வாசிக்கிறார். உடைந்த பாட்டிலின் கழுத்தை அறுத்துத் தேய்த்து அணிந்த பழக்கத்திலிருந்து வந்ததால் அந்தக் குழலுக்கு ‘பாட்டில்நெக்’ என்று பெயர். பட் தம் மோகன் வீணையை (அவரே மாற்றியமைத்த கிதார்) மடியில் மல்லாத்தி வைத்து, இடக்கையில் ஓர் எஃகுக் கோலைப் பிடித்து, தந்திகளின் மேல் செலுத்துகிறார். அடியில் 12 பரிவுத் தந்திகள் தாமாக அதிர்ந்துகொண்டிருக்கின்றன. (இலங்கைப் பாடநூல்களின் ‘பரிவு’ என்ற சொல் தமிழ்நாட்டின் ‘ஒத்ததிர்வை’விடச் சுருக்கமாகவும் அழகாகவும் இருப்பதால் அதையே ஆண்டிருக்கிறேன்.) இரண்டிலும் தந்தியை மெட்டின் (கருவியின் கழுத்தில் குறுக்காகப் பதித்த கம்பியின்) மேல் அழுத்துவதில்லை. சாதாரண வாசிப்பில் விரல் மெட்டுக்குச் சற்றுப் பின்னால் அழுத்தும், சுரத்தின் இடத்தை மெட்டுக்கம்பி தீர்மானிக்கும். இங்கே கோலோ குழலோ மெட்டுக்கம்பிக்கு நேர்மேலே தந்தியை லேசாகத் தொட்டு நிற்க வேண்டும். ஒரு மயிரிழை தவறினாலும் சுருதி பிசகும். காதுதான் மெட்டு.

ஆங்கிலத்தில் ‘ஸ்லைடு’ என்ற ஒரே சொல் அந்தக் கோலையும், கோலால் செய்யும் செயலையும், அப்படி வாசிக்கப்படும் கிதாரையும் குறிக்கிறது. தமிழில் மூன்றுக்கும் ஒரே சொல்லைத் திணிக்க வேண்டிய கட்டாயம் நமக்கு இல்லை. ஒரே வேரிலிருந்து மூன்று சொற்கள் கிளைக்குமானால் அதுவே நன்று.

இனி வந்துள்ள பரிந்துரைகள். ‘வழுக்கு’, ‘சறுக்கு’ இரண்டையும் நான் ஏற்கவில்லை. வழுக்குதல் பிடி தவறுவதைக் குறிக்கும் சொல். இசைக்கலைஞர் ஒருவர் வழுக்கினார் என்றால் சுருதி தப்பினார் என்றே படிப்பவர் கொள்வார். சறுக்கலோ, தேர்தல் செய்திகளில் தினமும் தோல்விக்கு ஆளப்படுகிறது. எவ்வளவு விளக்கம் எழுதினாலும் இந்த வாடை போகாது.

‘கோட்டுக் கிதார்’ அப்படித் தள்ளிவிடக் கூடியது அன்று. நம்மிடம் கோட்டுவாத்தியம் இருக்கிறது. மெட்டில்லாத அந்தக் கருவியில் தந்தியின் மேல் ஓடும் உருளைக் கட்டையே ‘கோடு’ என்ற விளக்கமும் பரவலாக வழங்குகிறது. கருங்காலியில் செய்த அந்தக் கட்டையும் கூடரின் கண்ணாடிக் குழலும் உறவுடையவை என்பது கற்பனை அன்று. இதே அலெக்சாண்டரின் நிறுவனம் 1995இல் வெளியிட்ட ‘மும்தாஜ் மகல்’ தொகுப்பில் ப்ளூஸ் பாடகர் தாஜ் மகாலுடன் பட்டும், கோட்டுவாத்தியத்தைச் சித்திரவீணை என்ற பெயரில் வாசிக்கும் ரவிகிரணும் சேர்ந்து, ப்ளூஸ் முன்னோடி ராபர்ட் ஜான்சனின் பாடல் ஒன்றையும் வாசித்திருக்கிறார்கள். ஆகவே வரலாறு இந்தப் பரிந்துரையின் பக்கம் இருக்கிறது. தடை இன்றைய வழக்கில் இருக்கிறது: சங்க இலக்கியத்தில் கொம்பும் கிளையும் மலைமுகடுமாக இருந்த ‘கோடு’ இப்போது அளவுகோலால் இழுக்கும் கோடு மட்டுமே. ‘கோட்டோவியம்’ படித்துப் பழகிய கண் ‘கோட்டுக் கிதாரை’ப் படம் வரைந்த கிதார் என்று எண்ணிவிடும். மாற்றுச்சொல்லாகப் பட்டியலில் இது இருக்கட்டும்.

‘ஜாரு’ பற்றிய கேள்விக்கு என் விடை இது. ஜாரு கர்நாடக இசையின் கமகங்களுள் (சுர அசைவுகளுள்) ஒன்று. வாய்ப்பாட்டிலும் உண்டு, வயலினிலும் உண்டு. அது ஒலியின் பெயர், கருவியின் பெயரோ கருவிக்கான கோலின் பெயரோ அன்று. மேலும், பட் வாசிப்பது இந்துஸ்தானி மரபில் சுரங்களைத் தொடர்ந்து இழுக்கும் மீண்ட். கூடர் வாசிப்பது மிசிசிப்பி டெல்டாவின் ப்ளூஸ். ஒரு மரபின் நுட்பச்சொல்லை மற்ற இரண்டின் மேல் போர்த்தினால், மூன்றுக்கும் இடையே உள்ள வேறுபாட்டை எழுதவே வழியில்லாமல் போய்விடும்.

நான் முன்வைப்பது ‘இழை’ என்னும் வினை. சந்தனத்தைக் கல்லில் இழைக்கிறோம். தச்சர் இழைப்புளியால் பலகையை இழைக்கிறார். இரண்டிலும் ஒரு பொருள் மற்றொன்றின் மேல் தொடர்பு விடாமல், அளவான அழுத்தத்துடன், முன்னும் பின்னும் நகர்கிறது. ஸ்லைடு கலைஞர் ஒரு சுரத்தில் நின்று அதிர்வூட்டும்போது கை செய்வதும் அதுவே. இன்னொரு பக்கம், குரல் இழைகிறது, குழைந்து இழைந்து பாடினார் என்று இசை விமரிசனத்தில் எழுதும் வழக்கம் ஏற்கெனவே உள்ளது. ஆக, தன்வினை ஒலிக்கும் பிறவினை கைக்குமாகப் பிரிந்து நிற்கின்றன: சுரம் இழைகிறது, கலைஞர் இழைக்கிறார். ஒலிக்கு ‘இழைவு’, வாசிப்பு முறைக்கு ‘இழைப்பு’, கையில் பிடிப்பதற்கு ‘இழைகோல்’, விரலில் அணிவதற்கு ‘இழைகுழல்’, கருவிக்கு ‘இழைப்புக் கிதார்’.

கருவிப் பொருளைப் பெயருக்குள் கொண்டுவராமல் விட்டது வேண்டுமென்றே செய்தது. ப்ளூஸ் இசையமைப்பாளர் டபிள்யூ. சி. ஹேண்டி 1903 வாக்கில் மிசிசிப்பி மாநிலத்தின் டட்வைலர் ரயில் நிலையத்தில் கேட்டதாக எழுதிய அந்தப் புகழ்பெற்ற வாசிப்பில், தந்தியின் மேல் ஓடியது ஒரு கத்தி. ராக் கிதார் கலைஞர் டுவேன் ஆல்மன் அணிந்தது சளிமாத்திரை வந்த கண்ணாடிக் குப்பி. ‘புட்டிக்கழுத்துக் கிதார்’ என்று மொழிபெயர்த்து வைத்தால் இவர்களுக்கு வேறு பெயர் தேட வேண்டியிருக்கும்.

எதிர்ப்பு எங்கிருந்து வரும் என்பதும் தெரிகிறது. முதலாவது, ‘இழை’ நூலையும் நாரையும் குறிக்கும் பெயர்ச்சொல்லும் ஆயிற்றே என்பது. அதனால்தான் ‘இழைக் கிதார்’ என்று சுருக்காமல் ‘இழைப்புக் கிதார்’ என்கிறேன். ‘இழைகோல்’ என்பதும் எழுதுகோல், ஊதுகுழல் போல வினைத்தொகை, அதில் ஒற்று மிகாது. மெய்ப்புத் திருத்துபவர் கவனக்குறைவாக ஒரு ‘க்’ சேர்த்துவிட்டால் பொருளே நூல் சுற்றும் கோலாகிவிடும் என்பதால், சொற்பட்டியலில் இதற்கு ஒரு குறிப்புத் தேவை. இரண்டாவது, செய்தித்தாளில் ‘இழைத்தார்’ என்றாலே அநீதியும் துரோகமும்தான் நினைவுக்கு வருகின்றன என்பது. உண்மைதான். ஆனால் அங்கெல்லாம் செயப்படுபொருள் முன்னால் வந்து நிற்கிறது. கூடர் கிதாரை இழைத்தார் என்பதைப் படித்துவிட்டு அவர் என்ன தீங்கு செய்தார் என்று யாரும் கேட்கப்போவதில்லை.

சோதனைக்காக ஒரு பத்தி எழுதிப் பார்த்தேன். சொற்கள் உறுத்துகின்றனவா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

“தலைப்பு உருப்படியில் பட்டின் இழைப்பு விரைவும் பளபளப்பும் கொண்டது, இழைகோல் நான்கைந்து சுரங்களை ஒரே மூச்சில் கடந்து, நினைத்த இடத்தில் நிற்கிறது. கூடர் அவரோடு போட்டியிடுவதில்லை. அவருடைய இழைகுழல் தாழ்ந்த தந்திகளிலேயே தங்கி, காந்தார சுரத்துக்குச் சற்றுக் கீழே நின்று, அதைத் தொட்டும் தொடாமலும் இழைகிறது. ப்ளூஸின் அடையாளமான அந்த நிறைவுறாத சுரம் இந்துஸ்தானி மீண்டுக்குப் பக்கத்தில் அந்நியமாகத் தோன்றாதது இத்தொகுப்பின் முதல் வியப்பு. ‘கேஞ்சஸ் டெல்டா ப்ளூஸ்’ என்ற உருப்படியின் பெயர் கங்கையின் டெல்டாவையும் மிசிசிப்பி டெல்டாவையும் ஒட்டவைக்கும் சொல்விளையாட்டு. ஆனால் வாசிப்பில் விளையாட்டைவிடக் கவனமே மிகுதி. ஃபிஜித் தீவின் விடைபெறும் பாடலான ‘ஈசா லே’யில் இருவரும் ஒரே பாட்டை மெதுவாக இழைக்கும்போது, இரண்டு இழைவுகளின் வேகம் மட்டும் வேறுபடுவதைத் தெளிவாகக் கேட்கலாம்.”

என் காதுக்கு இதில் ‘இழைகுழல்’ மட்டும் முதல் வாசிப்பில் சற்றுத் தடுக்குகிறது. ‘இழைவு’ம் ‘இழைப்பு’ம் தடுக்கவில்லை. ‘வழுக்கல்’ என்று மாற்றிப் படித்துப் பாருங்கள், பட் ஒவ்வொரு வரியிலும் விழுந்து எழுவதுபோல் இருக்கும்.

துணைச்சொற்கள் இரண்டு. விரல் வைக்காமல் எல்லாத் தந்திகளையும் ஒருசேர மீட்டினாலே ஒரு முழுச் சுரக்கூட்டு ஒலிக்கும்படி சுருதி சேர்ப்பதை ‘வெறுந்தந்திச் சுருதி’ எனலாம். மடியில் வைத்து வாசிக்கும் வகைக்கு ‘மடிக் கிதார்’ என்பதில் யாருக்கும் மறுப்பு இருக்காது என்று நம்புகிறேன். கிதாரா கிட்டாரா என்ற பழைய வழக்கை இந்த விவாதத்தில் மறுபடி தொடங்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். எது முடிவானாலும் முன்சொல் மாறப்போவதில்லை.

‘இழைகுழல்’ என்பதற்கு மேலான சொல் உள்ளவர்கள் எழுதுங்கள். ‘விரற்குழல்’ என்பதை நானும் எண்ணிப் பார்த்தேன். அதில் வேர் அறுந்துபோகிறது என்பதோடு, புல்லாங்குழலை நினைவூட்டுகிறது என்ற குறையும் உண்டு. கோட்டுவாத்தியம் பயின்றவர்கள் இந்தக் குழுவில் இருந்தால், கையில் பிடிக்கும் கட்டையை வகுப்பில் என்ன பெயர் சொல்லி அழைக்கிறார்கள் என்பதையும் தெரிவிக்க வேண்டுகிறேன். அங்கே வாய்வழக்கில் ஒரு சொல் உயிரோடு இருந்தால் ‘இழைகோல்’ அதற்கு வழிவிட்டு நிற்கலாம்.

அன்புடன்