மாக் ஸ்டெம் (சுவரை ஒட்டிச் செங்குத்தாக நிற்கும் அதிர்ச்சி அலைத்துண்டு) நிற்காமல் முன்னால் நகர்கிறது, காரணம் என்ன?

வணக்கம். ஓபன்ஃபோம் என்ற பாய்ம ஓட்டக் கணிப்பு மென்பொருளில், அதிவேக ஓட்டங்களுக்கான ரோசென்ட்ரல்ஃபோம் என்ற தீர்வி வைத்து, இருபரிமாணக் கால்வாய் ஒன்றில் அதிர்ச்சி அலை எதிரொலிப்பை (அலை சுவரில் பட்டுத் திரும்புவதை) செய்து பார்க்கிறேன். கால்வாய் உயரம் 1 மீட்டர், கீழ்ச்சுவரில் 1 மீட்டர் நீள ஆப்பு, உள்ளே வரும் காற்று மாக் 2 (ஒலியைப் போல் இரு மடங்கு வேகம்). சுவர்களில் உராய்வு இல்லை, கூரன்ட் எண் (நேரப்படியின் அளவைக் கட்டுப்படுத்துவது) 0.2, லிமிட்டர் (அலையருகே பொய் அலைவுகளைத் தடுக்கும் முறை) வான் லீர்.

10 டிகிரி ஆப்பில் எல்லாம் ஒழுங்கு. அலைக்கோணம் 39.3, அழுத்த விகிதம் 1.7, கைக்கணக்கோடு அப்படியே பொருந்துகிறது. 15 டிகிரியில்தான் தலைவலி. அலைக்குப் பின் மாக் 1.45 ஆகிவிடுவதால் சாதாரண எதிரொலிப்புக்கு இடமில்லை, மேல்சுவரில் மாக் ஸ்டெம் வரும் என்று தெரியும். வந்தது. ஆனால் ஓரிடத்தில் நிற்காமல் வளர்ந்துகொண்டே போய், கடைசியில் நுழைவாயிலையே முட்டிவிடுகிறது!

முதலில் கணக்கீட்டு வலையைச் சந்தேகித்தேன். இரண்டு மடங்கு நுணுக்கினேன், அதே கதைதான். அப்புறம் பரப்பைக் கணக்குப் போட்டால், ஆப்பின் உச்சியில் கால்வாய் 0.73 ஆகக் குறுகுகிறது. மாக் 2-க்குக் கான்ட்ரோவிட்ஸ் வரம்பு (கால்வாய் இதைவிடக் குறுகினால் மீயொலி ஓட்டம் தானாகத் தொடங்காது) ஏறக்குறைய 0.82. 10 டிகிரி ஆப்பு மயிரிழையில் தப்பியிருக்கிறது போல.

அப்படியானால் இது நிஜ இயற்பியலா, அல்லது என் வெளியேற்ற எல்லை நிபந்தனையின் கோளாறா? ஆப்பைக் குட்டையாக்கினால் ஸ்டெம் நிலைக்குமா? இப்படிச் செய்து பார்த்தவர்கள் சொல்லுங்களேன்.