காலாட்படை பட்டாலியன் அலுவலகத்துக்கு டிஜிட்டல் ஆவண அமைப்பு: அட்டவணை, ஸ்கேன், அழிப்பு பற்றிச் சில கேள்விகள்

தரவுத்தச்சன்:
வணக்கம். இந்தியத் தரைப்படையின் காலாட்படை பட்டாலியன் ஒன்றின் அலுவலகத்துக்கு ஏற்ற ஆவண மேலாண்மை மென்பொருளுக்கு முன்மாதிரி வரைந்துகொண்டிருக்கிறோம். உண்மைத் தரவு எதுவும் எங்கள் கையில் இல்லை. பொதுவெளியில் கிடைக்கும் விதிமுறைகளையும் வெற்றுப் படிவங்களையும் வைத்துத்தான் வேலை நடக்கிறது. சுமார் 800 பேர் என்று கணக்கு. இணையம் கிடையாது, உள்வலை மட்டும்.

இப்போதைய திட்டம் இது. 'வீரர்' என்று ஒரு அட்டவணை. ஆர்மி நம்பர்தான் (படையில் ஒருவருக்குத் தரும் அடையாள எண்) முதன்மைச் சாவி, அதாவது ஒவ்வொரு பதிவையும் தனித்துக் காட்டும் எண். பெயர், பதவி, கம்பெனி (பட்டாலியனின் உட்பிரிவு), மனைவி, பிள்ளைகள், மருத்துவ வகை (உடல்தகுதி நிலை) எல்லாம் அதில் பத்திகள் (நெடுவரிசைகள்). மாற்றம் வந்தால் அந்தப் பத்தியைத் திருத்திவிடுவது. பழைய ஷீட் ரோல்களை (ஒவ்வொரு வீரரின் பணிப் பதிவேடு) ஸ்கேன் செய்து அவரவர் பதிவோடு இணைப்பது. வார் டைரி (யூனிட்டின் அன்றாட நடவடிக்கைக் குறிப்பு) மாதம் ஒரு வேர்ட் கோப்பு.

கேட்க வேண்டியவை: இந்த அட்டவணை தாங்குமா? ஸ்கேன் எந்தத் தரத்தில், எவ்வளவு இடம் பிடிக்கும்? யார் எதைப் பார்க்கலாம் என்பதை எப்படிப் பிரிப்பது? காலம் முடிந்ததும் தானாக அழியும்படி வைக்கலாமா?

பழைய_பேரேடு:
அட்டவணை தாங்காது. முதல் பிழை சாவியிலேயே இருக்கிறது. ஹவில்தார் ஒருவர் அடுத்த படியான நாயிப் சுபேதார் பதவிக்கு உயர்ந்ததும் பழைய எண் போய் 'ஜேசி' என்று தொடங்கும் புது எண் வரும். அவரே பின்னால் அதிகாரியானால் இன்னொரு எண். ஒரே மனிதருக்கு மூன்று எண் வரலாம். ஆகவே அர்த்தமில்லாத உள் எண் ஒன்றைச் சாவியாக வைத்து, ஆர்மி நம்பர்களைத் தனி அட்டவணையில் 'எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை' என்று வையுங்கள். அந்த எண்ணை எழுத்து வகையாகவே சேமியுங்கள். கடைசியில் சரிபார்ப்பு எழுத்து ஒன்று உண்டு, அதை வெட்டிவிட்டால் தட்டச்சுப் பிழையைப் பிடிக்கும் வழியே போய்விடும்.

இரண்டாவது இன்னும் பெரியது: பத்தியைத் திருத்துவது என்ற எண்ணத்தையே விட்டுவிடுங்கள். படையில் ஒருவரின் நிலையை மாற்றுவது பார்ட் டூ ஆர்டர் எனும் எழுத்துமூல அலுவலக ஆணை. திருமணம், குழந்தை பிறப்பு, விடுப்பு, மாறுதல், பதவி உயர்வு, கோர்ஸ் என எல்லாம் அதில் வெளியாகி, ரெக்கார்ட் ஆபீசுக்கும் (ரெஜிமெண்டின் பணிப்பதிவுகளை வைத்திருக்கும் அலுவலகம்) சம்பளக் கணக்கு அலுவலகத்துக்கும் போகும். மெட்ராஸ் ரெஜிமெண்டுக்கு இரண்டும் வெலிங்டனில்தான். தவறாக வெளியிட்ட ஆர்டரை யாரும் அழிப்பதில்லை. ரத்து செய்யும் ஆர்டர் ஒன்று வரும், பிறகு சரியான ஆர்டர் வரும். காகிதத்தில் இவ்வளவு ஒழுங்காக நடப்பதை மென்பொருளில் 'சேமி' பொத்தான் ஒன்று கெடுத்துவிடக் கூடாது.

எனவே மைய அட்டவணை 'நிகழ்வு'. ஒவ்வொரு வரிக்கும் இரண்டு தேதி: சம்பவம் நடந்த நாள், ஆர்டர் வெளியான நாள். மார்ச்சில் பிறந்த குழந்தைக்கு நவம்பரில் ஆர்டர் வந்தால் இரண்டும் தெரிய வேண்டும். கூடவே ஆதார ஆவணத்தின் எண், ஒப்பமிட்டவரின் பெயரும் பொறுப்பும், ரத்தானால் ரத்து செய்த ஆர்டரின் எண். இந்த அட்டவணையில் சேர்க்க மட்டுமே உரிமை. திருத்தவும் நீக்கவும் தரவுத்தள மட்டத்திலேயே தடை. இன்றைய நிலையைக் காட்டும் பக்கம் இந்த நிகழ்வுகளிலிருந்து கணக்கிட்டு வரட்டும்.

இவ்வளவு கறாராக ஏன் என்றால், வெளியாகாமல் போன ஆர்டருக்கு விலை கொடுப்பது குடும்பம். மனைவி பெயர் ஓய்வூதிய ஆணையில் இல்லை, குழந்தையின் பிறந்த தேதி பொருந்தவில்லை என்று திருத்த ஆணைக்காக அலைகிற விதவைகளின் சிக்கல் பெரும்பாலும் முப்பது வருடம் முன்பு யூனிட் அலுவலகத்தில் விட்டுப்போன ஒரு வரியில்தான் தொடங்குகிறது. விடுப்பு முடிந்து திரும்பும் ஒவ்வொருவருக்கும் 'குடும்ப விவரத்தில் மாற்றம் உண்டா' என்ற கேள்வித் திரை ஒன்று கட்டாயமாக வரட்டும். நான் இந்த முன்மாதிரியில் ஒரே ஒரு வசதியைத்தான் கேட்கலாம் என்றால் அதைத்தான் கேட்பேன்.

பெயர் பற்றி. முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டாயப் பெட்டி வைத்தால் நம் ஊர்ப் பையன்கள் பாதிப்பேர் மாட்டிக்கொள்வார்கள். ஷீட் ரோலில் 'எம் முருகன்', ஆதாரில் 'முருகன் முத்தையா', வங்கியில் 'முருகன் எம்'. இன்ஷியலை ஒரு கிளார்க் விரிப்பார், இன்னொருவர் விரிக்கமாட்டார். ஒரே பெட்டி வையுங்கள், ஷீட் ரோலில் எப்படியோ அப்படியே. மற்ற வடிவங்கள் தனி அட்டவணையில், எந்த ஆவணத்தில், எந்தத் தேதியில் என்ற குறிப்போடு. மென்பொருள் தானாக இரண்டு பெயரை ஒன்றாக்கவே கூடாது.

சுருள்நாடா:
ஸ்கேன் பகுதிக்கு வருகிறேன்.

300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி), 24 பிட் முழு வண்ணம். கறுப்பு வெள்ளை ஒரு பிட்டில் எடுத்தால் கோப்பு சிறிதாகும், ஆனால் வெளிறிய ஊதா ரப்பர் ஸ்டாம்பும் பென்சில் கையொப்பமும் மறைந்துவிடும். சிவப்பு மைப் பதிவு எது, நீலம் எது என்பதும் தெரியாது. ஏ4 பக்கம் ஒன்று அழுத்தாமல் சுமார் 26 எம்பி. ஒருவருக்கு 120 பக்கம் என்று வைத்துக்கொண்டால் 800 பேருக்கு 96,000 பக்கம், மூலப்படிகள் சுமார் 2.5 டிபி. பார்வைக்கான பிடிஎஃப்/ஏ (நீண்டகாலச் சேமிப்புக்கான பிடிஎஃப் வடிவம்) படி பக்கத்துக்கு அரை எம்பி என்றால் 48 ஜிபி. இன்றைய வட்டுகளுக்கு இது பெரிய சுமையே இல்லை, இடத்துக்காகத் தரத்தைக் குறைக்க வேண்டாம்.

சுமை நேரத்தில்தான். தட்டை ஸ்கேனரில் நிமிடத்துக்கு இரண்டு பக்கம் என்றாலும் 800 மணி நேரம். தானே தாள் இழுக்கும் ஸ்கேனரில் பழைய ஷீட் ரோலைப் போடாதீர்கள். மடிப்பில் கிழியும், துருப்பிடித்த குண்டூசி கண்ணாடியைக் கீறும். கீறல் விழுந்தால் அதன்பிறகு வரும் ஒவ்வொரு பக்கத்திலும் நேர்க்கோடு ஒன்று ஓடும்.

பலரும் விடுவது ஒட்டுச்சீட்டு. திருத்தம் எழுதிய துண்டுத்தாளைப் பழைய பதிவின் மேல் ஓரத்தில் மட்டும் ஒட்டியிருப்பார்கள். மூடியபடி ஒரு படம், தூக்கிப் பிடித்து ஒரு படம், இரண்டுமே வேண்டும். பின்பக்கத்தில் ஒரு டிக் இருந்தாலும் அதையும் எடுக்க வேண்டும். தொடங்கும் முன் தாள்களை எண்ணி உறையில் எழுதி, முடிந்ததும் படங்களோடு ஒப்பிடுங்கள். பத்தில் ஒரு கோப்பை ஸ்கேன் செய்யாத வேறு ஒருவர் முழுதாகச் சரிபார்க்கட்டும். கையெழுத்தை எழுத்துணரி மென்பொருள் படிக்கும் என்று நம்ப வேண்டாம். ஆவண வகை, தேதி, உள் எண் மூன்றையும் கையால் அட்டவணைப்படுத்துங்கள்.

ஸ்கேன் ஆன அன்றே ஒவ்வொரு கோப்புக்கும் எஸ்எச்ஏ-256 கைரேகை (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் எண், கோப்பு மாறினால் இதுவும் மாறும்). பட்டியலின் ஒரு படி வேறு இயந்திரத்தில். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறுபடி கணக்கிட்டு ஒப்பிடுங்கள். படிகள் மூன்று: யூனிட் சர்வர், ரெக்கார்ட் ஆபீஸ், வேறு ஊரில் காந்த நாடா.

இந்த மூன்றாவது படியை வீண் செலவு என்பவர்களுக்கு: 1973 ஜூலை 12 அன்று அமெரிக்காவின் செயின்ட் லூயிசில் படையினர் ஆவண மையத்தில் தீப்பிடித்து 1.6 முதல் 1.8 கோடி கோப்புகள் அழிந்தன. 1912 நவம்பர் முதல் 1959 முடிய விடுவிக்கப்பட்ட தரைப்படையினரின் கோப்புகளில் 80 சதவீதம். நகல் இல்லை, நுண்படம் இல்லை, முழுமையான அட்டவணையும் இல்லை. சம்பளச் சீட்டு, கம்பெனிகளின் காலை அறிக்கை போன்றவற்றை வைத்து இன்றும் ஒவ்வொருவரின் பணிக்காலத்தையும் மறுபடி கட்டுகிறார்கள்.

காவலரண்:
பார்வை உரிமை பற்றிச் சுருக்கமாக.

உரிமையைப் பொறுப்போடு கட்டுங்கள்: அட்ஜுடன்ட் (பட்டாலியன் தலைமையகத்தின் நிர்வாக அதிகாரி), ஹெட் கிளார்க், கம்பெனி கமாண்டர். ஆனால் நுழைவுச் சான்று ஆளுக்குத்தான். 'அட்ஜுடன்ட்' என்ற பெயரில் பொதுக் கடவுச்சொல் வைத்தால், ஆள் மாறிய பிறகும் பழையவருக்குக் கதவு திறக்கும், யார் ஒப்பமிட்டார் என்பதும் தெரியாது. பொறுப்பு ஒப்படைக்கும் நாளில் உரிமை மாறுவதையே ஒரு நிகழ்வாகப் பதியுங்கள்.

ஆவணத்துக்கு ஆவணம் ரகசிய நிலை போட்டால் போதாது. ஒருவரின் விடுப்புச் சீட்டில் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. 800 பேரின் விடுப்பை ஒரே பட்டியலாக எடுத்தால் இன்று யூனிட்டில் எத்தனை பேர், எந்தக் கம்பெனி காலி என்று தெரிந்துவிடும். ரேஷன் கோரிக்கையும் அப்படித்தான். எனவே தொகுப்பு அறிக்கைகளுக்கும் மொத்த ஏற்றுமதிக்கும் தனி உரிமை, மேல்நிலை ரகசியக் குறி, இருவர் ஒப்புதல். திறந்து பார்த்ததும் பதிவாக வேண்டும், மாற்றியது மட்டும் போதாது.

டிஜிட்டல் கையொப்பச் சான்றிதழ் இரண்டு மூன்று வருடத்தில் காலாவதியாகும். ஒப்பமிட்ட கணத்திலேயே நேரமுத்திரையையும் சான்றிதழ்ச் சங்கிலியையும் (அதை வழங்கிய அமைப்புகளின் சான்றிதழ்கள்) கோப்புக்குள் பொதியாவிட்டால், 2055இல் அந்த ஒப்பம் செல்லுமா என்று யாராலும் நிரூபிக்க முடியாது.

தரவுத்தச்சன்:
மூவருக்கும் நன்றி. நிகழ்வு அட்டவணைக்கு மாறிவிடுகிறோம். அழிப்பு விஷயம் மட்டும் இன்னும் தெளியவில்லை. 25 வருடம் என்று விதி இருக்கிறதே, தானியங்கியாக வைத்தால் என்ன? இன்னொன்று, தனியே வெளியூரில் நிற்கும் கம்பெனி சர்வரோடு தொடர்பில்லாமல் பதிவு செய்தால் ஆர்டர் எண்கள் மோதுமே?

பழைய_பேரேடு:
தானியங்கி அழிப்பு கூடவே கூடாது.

தரைப்படை ஒழுங்குமுறைகள் 1987, பத்தி 595இன்படி ஓய்வூதியம் பெறாதவர்களின் ஆவணங்களை 25 வருடம் கழித்து அழிப்பார்கள், லாங் ரோல் (ஒருவரைப் பற்றிய சுருக்க விவரம் மட்டும் உள்ள பட்டியல்) மட்டும் அதன்பிறகும் இருக்கும். ஆயுதப்படைத் தீர்ப்பாய வழக்குகளில் இது திரும்பத் திரும்ப வரும்: ஊனமுற்று விடுவிக்கப்பட்டவர் பல பத்தாண்டு கழித்துக் கேட்பார், கோப்பு அழிக்கப்பட்டுவிட்டது என்று பதில் வரும், லாங் ரோலின் ஒற்றை வரியை வைத்து வாதாடுவார்கள். அலமாரி நிரம்பிய காலத்தில் அந்த விதிக்குக் காரணம் இருந்தது. 48 ஜிபிக்கு அது பொருந்தாது என்பது என் உறுதியான கருத்து.

எதைக் கடைசிவரை வைக்க வேண்டும் என்பதற்கு 2013இல் உச்ச நீதிமன்றம் தரம்வீர் சிங் வழக்கில் சொன்னது வழிகாட்டி. சேரும்போது மருத்துவப் பதிவில் குறை எதுவும் குறிக்காமல் இருந்து, பின்னால் நோயால் விடுவிக்கப்பட்டால், அது பணிக்காலத்தில் எழுந்ததாகவே கொள்ள வேண்டும், மருத்துவக் குழு மறுத்தால் காரணம் எழுத வேண்டும் என்றது. ஆக, சேர்க்கை மருத்துவப் படிவமும் விடுவிப்பு மருத்துவக் குழுவின் அறிக்கையும் ஒருவரின் வாழ்நாள் சான்று. இரண்டையும் நிரந்தரப் பிரிவில் போடுங்கள்.

மற்றவற்றுக்குக் காலம் முடிந்ததும் மென்பொருள் பட்டியல் மட்டும் தரட்டும். அழிப்பது ஒரு குழுவின் எழுத்துமூல ஒப்புதலால். வழக்கு நிலுவை, தகவலறியும் மனு, ஓய்வூதிய மேல்முறையீடு இருந்தால் பூட்டு விழ வேண்டும். பொது ஆவணச் சட்டம் 1993 மறவாதீர்கள்: விதிமீறி அழித்தால் 5 வருடம் வரை சிறை உண்டு.

வார் டைரி வேர்ட் கோப்பில் வேண்டாம். நாளுக்கு ஒரு பதிவு, இணைப்புகளுக்கு வரிசை எண், மாத முடிவில் பூட்டி ஒப்பமிட்ட பிடிஎஃப்/ஏ. 2021 ஜூனில் பாதுகாப்பு அமைச்சகம் வெளியிட்ட கொள்கையின்படி வார் டைரி உள்ளிட்டவை அமைச்சகத்தின் வரலாற்றுப் பிரிவுக்குப் போக வேண்டும், பொதுவாக 25 வருடத்தில் ரகசிய நீக்கம். அனுப்பியதற்கான ஒப்புகை வந்த பிறகே யூனிட் படியை நகர்த்த மென்பொருள் விடட்டும். இராக்கில் பல அமெரிக்க யூனிட்டுகளின் களப்பதிவுகள் காணாமல் போனதற்குக் கோப்பே உருவாகாததும் ஒரு காரணம், ஊர் திரும்பும்போது வட்டுகளைத் துடைத்ததும் ஒரு காரணம்.

எண் மோதல்: வெளிக் கம்பெனி வரைவுதான் எழுதும், அதன் சொந்தத் தற்காலிக எண்ணோடு. ஆர்டர் எண் தலைமையகத்தில் அட்ஜுடன்ட் ஒப்பமிடும்போது மட்டும் பிறக்கும், ஆண்டுக்கு ஒரே தொடர். வரிசையில் ஓர் எண் விட்டுப்போனால் காரணம் எழுதாமல் அடுத்த எண் வராதபடி வையுங்கள்.

சுருள்நாடா:
வரைவுகளை எடுத்துவர பென் டிரைவ் வேண்டாம். ஒருமுறை மட்டும் எழுதும் வட்டில் எரித்து, கோப்புப் பட்டியலையும் எஸ்எச்ஏ-256 எண்களையும் ஒரு தாளில் அச்சிட்டு, கம்பெனி கமாண்டர் ஒப்பமிட்டுத் தனி உறையில் அனுப்பட்டும். தலைமையகத்தில் வலையோடு சேராத ஒரு கணினியில் வைரஸ் சோதித்து, தாளோடு எண்கள் பொருந்தினால் மட்டுமே சர்வருக்குள் ஏற்றுங்கள். ஒன்று பொருந்தாவிட்டாலும் முழு வட்டையும் திருப்பி அனுப்புங்கள். பாதியை ஏற்றினால் எது வந்தது, எது வரவில்லை என்பதை ஆறு மாதம் கழித்துப் பிரிக்க முடியாது.