துணை அதிபர் டிபேட்டைப் பாத்து யாராச்சும் ஓட்டை முடிவு பண்றாங்களா?

நெய்தல்:
அமெரிக்க எலக்‌ஷன் பத்தி ரொம்ப நாளா இருக்குற சந்தேகம். 2024 அக்டோபர்ல துணை அதிபர் வேட்பாளருங்க, ட்ரம்ப் பக்கம் வான்ஸும் கமலா ஹாரிஸ் பக்கம் வால்ஸும், டிபேட்ல பேசுனத முழுசா பாத்தேன், ரெண்டு பேருமே அவ்ளோ மரியாதையா பேசிக்கிட்டாங்க. யாருக்கு ஓட்டுன்னு இன்னும் முடிவு பண்ணாதவங்க இதுல எதை வச்சு எடை போடுவாங்க, பாலிசியா, பேச்சா, ஆளோட தோரணையா?

டல்லாஸ் தம்பி:
பாலிசி எல்லாம் அப்புறம்தாங்க. அதிபருக்கு நாளைக்கு ஏதாவது ஆயிட்டா இவர் கையில நாட்டைக் குடுக்கலாமா, அதான் கேள்வியே. 1988 டிபேட்ல புஷ்ஷோட துணை அதிபர் வேட்பாளர் குவேல்கிட்ட அதையேதான் திரும்பத் திரும்ப கேட்டாங்க, திடீர்னு நீங்க அதிபரானா முதல்ல என்ன செய்வீங்கன்னு. மனுஷன் நேரா பதில் சொல்லாம, கென்னடி அதிபருக்கு நின்னப்போ அவருக்கு இருந்த அளவு காங்கிரஸ் அனுபவம் எனக்கும் இருக்குன்னு சொல்லப்போக, எதிர்த்து நின்ன பென்ட்சன் "கென்னடி என் நண்பர், நீங்க கென்னடி இல்ல"ன்னு ஒரே போடா போட்டுட்டார். எல்லாருக்கும் அந்த வரிதான் ஞாபகம், எனக்கு அதுக்கு முன்னாடி குவேல் முழிச்சதுதான் பெருசா தெரியுது.

நெய்தல்:
ஆனா ஜெயிச்சது புஷ்-குவேல்தானே?

டல்லாஸ் தம்பி:
ஆமா, 40 ஸ்டேட். ஓட்டு முதல் பேருக்குத்தான், அதாவது அதிபர் வேட்பாளருக்குத்தான் விழுது.

மல்லி:
2008ல ஒபாமாவோட துணை வேட்பாளர் பைடனும் மெக்கெயினோட துணை வேட்பாளர் பேலினும் பேசுன டிபேட்டைப் பாருங்க. கிட்டத்தட்ட 7 கோடி பேர் பாத்தாங்க, அந்த வருஷ ஒபாமா-மெக்கெயின் டிபேட் எதுக்குமே அவ்ளோ கூட்டம் இல்ல. மெக்கெயினுக்கு 72 வயசு, அதனால தம்பி சொன்ன கேள்வி அப்போ நிஜமாவே எல்லார் மனசுலயும் இருந்துச்சு. பேலின் மேடைக்கு வந்ததுமே "உங்கள ஜோன்னு கூப்பிடலாமா"ன்னு கேட்டு, கேமராவப் பாத்து கண்ணடிச்சு, தைரியமாத்தான் பேசினாங்க. சிஎன்என் கருத்துக்கணிப்புல 84 சதவீதம் பேர் எதிர்பார்த்ததவிட நல்லா பேசினாங்கன்னாங்க, ஆனா பதவிக்குத் தகுதி இருக்கான்னு கேட்டா 42தான், பைடனுக்கு 87. முடிவு பண்ணாதவங்ககிட்ட மட்டும் யார் ஜெயிச்சாங்கன்னு சிபிஎஸ் டிவி கேட்டப்போ பைடன் 46, பேலின் 21, மிச்ச 33 சமம்னு சொன்னவங்க.

அன்னைக்கு பைடன், 1972 விபத்துல மனைவியும் மகளும் போனதுக்கப்புறம் பசங்க பொழைப்பாங்களான்னு தெரியாம இருந்ததப் பத்தி சொல்லும்போது தொண்டை அடைச்சு ஒரு நிமிஷம் நின்னுட்டார். அதெல்லாம் பாக்குறவங்க மனசுல எப்படி ஒட்டாம போகும்? தோரணைன்னு லேசா சொல்லிடாதீங்க, ஆள் எப்படின்னு ஜனங்க அதுலதான் படிக்கிறாங்க.

நெய்தல்:
சரிதான் மல்லி. வான்ஸ்கிட்ட 2020ல ட்ரம்ப் தோத்தாரான்னு வால்ஸ் நேரா கேட்டதும், அவர் எதிர்காலத்தப் பத்தி பேசுறேன்னு நழுவுனார் பாருங்க, அதுவரைக்கும் அவர் பேசுனது எனக்குப் பிடிச்சிருந்துச்சு.