காவலருக்கு ஒரு ஓய்வூதியம், அலுவலகப் பணியாளருக்கு வேறொன்றா?

வெண்ணிலவன்:
மாநகராட்சி கடனில் மூழ்கி ஓய்வூதியத்தைக் குறைக்கும்போது, காவலர்களை மட்டும் காப்பாற்றுவது சரியா? அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்தை வைத்துக் கேட்கிறேன். 2013 ஜூலையில் அந்த நகரம் திவால் மனு போட்டது. அடுத்த ஆண்டு முடிவான திட்டத்தில் எழுத்தர், ஓட்டுநர் போன்ற சிவில் பணியாளர்களுக்கு ஓய்வூதியத்தில் 4.5 சதவீதம் வெட்டு, விலைவாசிக்கான ஆண்டு உயர்வும் ரத்து. காவலர், தீயணைப்பு வீரர்களின் அடிப்படைத் தொகையில் கை வைக்கவில்லை, ஆண்டு உயர்வு மட்டும் பழைய அளவில் பாதிக்கும் குறைவாகப் போனது. எனக்கு இது அநியாயமாகப் படுகிறது.

தணிகாசலம்:
முக்கியமான ஒன்றை விட்டுவிட்டீர்கள். முதுமையில் மாதாமாதம் பணம் தரும் அமெரிக்க அரசின் சோஷியல் செக்யூரிட்டி திட்டத்தில் டெட்ராய்ட் காவலர்கள் இல்லை. சிவில் பணியாளர்களுக்கு அது உண்டு. நகரம் தரும் ஓய்வூதியம் போனால் காவலருக்கு வேறு வழி கிடையாது. தவிர, அவர்களுடைய நிதியத்தில் பற்றாக்குறையும் குறைவு. உடம்பை முறிக்கும் வேலை, சீக்கிரமே ஓய்வு. அதில் கை வைத்தால் நல்ல காவலர்கள் பக்கத்து நகரத்தில் போய்ச் சேருவார்கள்.

மங்கை:
நான் அவசர அழைப்பு எடுக்கும் வேலை பார்த்தவள். சீருடை இல்லாததால் நாங்கள் சிவில் பிரிவு. குழந்தை மூச்சு விடவில்லை என்று ஒரு தாய் கதறும்போது, காவலர் போய்ச் சேரும் வரை அந்தக் குரலோடு இருப்பது நாங்கள்தான். அந்த வேலை உடம்பை ஒன்றும் செய்யாது என்று நினைக்கிறீர்களா ஐயா?

அமெரிக்காவின் இன்னொரு நகரமான சான் டியேகோவில் 2012 வாக்கெடுப்பு, புதிதாகச் சேரும் ஊழியர்களின் நிச்சய ஓய்வூதியத்தை நிறுத்தி, சந்தையை நம்பிய சேமிப்புக் கணக்கைக் கொடுத்தது. காவல் அதிகாரிகளுக்கு மட்டும் விலக்கு. ஒரே துறைக்குள் ரோந்து போகிறவருக்கு ஒரு முதுமை, அவரை அனுப்பி வைக்கிறவருக்கு இன்னொன்று. தொழிற்சங்கங்களோடு சட்டப்படி பேசாமலே கொண்டுவந்ததால் பின்னர் நீதிமன்றத்தில் அது செல்லாமல் போனது. அதுவரை சேர்ந்தவர்கள் வருடக்கணக்கில் காத்திருந்தார்கள்.

தணிகாசலம்:
உங்கள் வேலையை நான் குறைத்துச் சொல்லவில்லை அம்மா. அழைப்பு எடுப்பவர்களைக் காவலர் பிரிவில் சேர்த்துக்கொள்ளட்டும், ஆதரிக்கிறேன். ஆனால் வரி அலுவலக எழுத்தரையும் அதே தட்டில் வைக்க முடியாது.

கணக்கன்:
நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். காவலருக்குத் தாராளமாகக் கொடுத்தாலே அவர்கள் பத்திரம் என்பதும் சரியில்லை. அமெரிக்காவின் டல்லாஸ் நகரத்தைப் பாருங்கள். ஓய்வு பெறும் தகுதி வந்த பிறகும் வேலையில் தொடரும் காவலரின் ஓய்வூதியம் தனிக் கணக்கில் சேர்ந்தது. அதற்கு ஆண்டுக்கு 8 சதவீதத்துக்குக் குறையாத வட்டி என்று உறுதி கொடுத்திருந்தார்கள். முதலீடுகளோ, குறிப்பாக நிலமும் கட்டடமும், கைவிட்டன. 2016இல் பயந்துபோனவர்கள் கோடிக்கணக்கான டாலர்களை எடுத்தார்கள். டிசம்பரில் ஓய்வூதிய நிதியத்தின் நிர்வாகம் பணம் எடுக்க விடாமல் நிறுத்தியது. மறு ஆண்டு மாநிலச் சட்டம் வந்து ஊழியர் சம்பளத்திலிருந்து கட்டும் பங்கை 13.5 சதவீதமாக்கியது, ஓய்வு வயதையும் ஏற்றியது. நிறைவேற்ற முடியாத வாக்குறுதி கொடுத்தவர்கள் போய்விட்டார்கள், சுமை இளம் காவலர் தலையில். நகரம் வருடா வருடம் தன் பங்கை முழுதாகக் கட்டுகிறதா என்று முதலில் கேளுங்கள்.

மங்கை:
கேட்க வேண்டியதுதான். ஆனால் கட்டாமல் விட்ட பிறகு யாரிடம் முதலில் வெட்டுவது என்ற கேள்வி அப்படியே நிற்கிறதே. டெட்ராய்ட்டில் சிவில் பணியாளரின் சராசரி ஓய்வூதியம் காவலருடையதைவிட மிகவும் குறைவு. குறைந்த தொகையில் 4.5 சதவீதம் என்பது மருந்துச் செலவு. அங்கேயே வறுமைக்குப் பக்கத்தில் போகிறவர்களுக்கென்று தனி உதவி நிதி வைத்தார்கள். அதைப் பின்னால் ஒட்டுப்போடாமல் முதலிலேயே வைக்கலாம். ஒரு தொகை வரைக்கும் யாருடைய ஓய்வூதியத்தையும் தொடக்கூடாது, அதற்கு மேல் வாங்குகிறவர் காவலரானாலும் எழுத்தரானாலும் ஒரே விதி.

தணிகாசலம்:
அடிமட்டத் தொகை சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சோஷியல் செக்யூரிட்டி இல்லாதவருக்கு அந்த வரம்பு கூடுதலாக இருக்க வேண்டும். அதில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

வெண்ணிலவன்:
எவ்வளவு கூடுதல்? அதைச் சொல்லுங்கள், பேசலாம்.